எஞ்சின் ஒயில் கசிவு: திருத்துவதா, ஊற்றி ஓட்டுவதா, காரை விடுவதா?

பத்து வயது தாண்டிய காரின் அடியில் கறுப்பாக ஒரு சொட்டைக் கண்டால், வழக்கமாக இரண்டு பிழைகளில் ஒன்று நடக்கும். “பழைய கார்தானே, சொட்டட்டும்” என்று விட்டுவிடுவது ஒன்று. கராஜில் சொன்ன தொகையைக் கேட்டுத் திகைத்து, வேறு வழியில்லை என்று தலையாட்டுவது மற்றது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: எங்கே கசிகிறது, எவ்வளவு வேகமாகக் கசிகிறது, கார் இன்னும் எத்தனை குளிர்காலம் ஓடும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமலே முடிவெடுப்பது.

இந்த அத்தியாயம் அந்த மூன்று கேள்விகளுக்கும் நீங்களே விடை காண உதவும். மொன்றியலில் மூன்றாவது கேள்விதான் முக்கியம். இங்கே வீதிகளில் கொட்டும் உப்பு, எஞ்சின் தேய்வதற்கு முன்பே பல கார்களின் அடிச்சட்டத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே எங்கள் முதல் விதி: பெரிய செலவுக்குச் சம்மதிக்கும் முன் துருவைப் பாருங்கள்.

## உடனே எஞ்சினை நிறுத்த வேண்டிய நேரங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று நடந்தால் கணக்குப் பார்க்க நேரமில்லை.

- ஓடும்போது சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால். எஞ்சினுக்குள் போதிய ஒயில் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். பாதுகாப்பாக ஒதுங்கி எஞ்சினை நிறுத்துங்கள். “வீடு கிட்டத்தானே” என்று ஓட்டினால் சில நிமிடங்களில் பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் இறுகிவிடும். மஞ்சள் விளக்கு பெரும்பாலும் ஒயில் மட்டம் குறைந்ததைத்தான் காட்டும். அதற்கு அன்றே ஒயில் ஊற்றினால் போதும்.
- பொனற்றுக்கு அடியிலிருந்து புகை வந்தால். சூடான எக்ஸோஸ்ற் மேல் ஒயில் விழுகிறது, தீப்பிடிக்கலாம். எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். தீ தெரிந்தால் பொனற்றைத் திறக்காமல் 911 ஐ அழையுங்கள்.
- சொட்டாக இல்லாமல் நூலாக ஒழுகினால். இழுவை வண்டியை அழையுங்கள்.
- பிறேக் மிதி மெத்தென்று உள்ளே போனால். கசிவது எஞ்சின் ஒயில் அல்ல, பிறேக் திரவமாக இருக்கலாம். காரை நகர்த்தவே வேண்டாம்.

## படி 1: சொட்டுவது என்ன?

வெள்ளைக் காகிதத் துவாய் ஒன்றால் சொட்டைத் தொட்டு எடுத்து, வெளிச்சத்தில் பாருங்கள்.

- மண்ணிறம் அல்லது கறுப்பு, வழவழப்பு: எஞ்சின் ஒயில்.
- சிவப்பு: பெரும்பாலும் கியர்பொக்ஸ் ஒயில் அல்லது பவர் ஸ்டியரிங் ஒயில்.
- பச்சை, செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு, இனிப்பு வாசம்: கூலண்ட். இது நச்சு, குழந்தைகளையும் செல்லப்பிராணிகளையும் கிட்ட விடாதீர்கள்.
- நீலம், தண்ணீர் போல: கண்ணாடி கழுவும் திரவம்.
- நிறமில்லாத தண்ணீர், கோடையில்: ஏசியிலிருந்து வருவது. பழுது அல்ல.

குறிப்பு: இலையுதிர் காலத்தில் துருத் தடுப்பு ஒயில் அடித்த கார், பல நாள்களுக்குக் கதவோரங்களிலிருந்தும் அடிப்பாகம் முழுவதிலிருந்தும் சொட்டும். இதை எஞ்சின் கசிவென்று நினைத்துக் கராஜுக்கு ஓடுவது இந்த ஊரில் வழக்கமான தவறு. எஞ்சின் கசிவு காரின் முன்பாதியில், ஓரிரு இடத்தில் மட்டும் சொட்டும். துருத் தடுப்பு ஒயில் நாலாபக்கமும் சொட்டும்.

## படி 2: எவ்வளவு வேகமாகக் குறைகிறது?

தரையில் பரவிய கறையை வைத்து அளவைக் கணிக்காதீர்கள். ஒரு தேக்கரண்டி ஒயில் பெரிய வட்டமாகத் தெரியும். மறுபக்கம், எஞ்சினுக்குக் கீழே உள்ள பிளாஸ்ரிக் தட்டு ஒயிலைத் தாங்கிக்கொண்டு தரையைச் சுத்தமாகக் காட்டும். நம்பக்கூடியது டிப்ஸ்டிக் மட்டுமே.

1. காரைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுங்கள்.
2. டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் முறை உருவியபோது தெரிந்த அளவைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.
3. மேல் குறிவரை ஒயில் ஊற்றுங்கள். குறியைத் தாண்ட வேண்டாம்.
4. அன்றைய கிலோமீற்றரை எழுதி வையுங்கள்.
5. ஒவ்வொரு 500 கிலோமீற்றருக்கும் பாருங்கள். கீழ்க் குறியைத் தொடும் முன் ஊற்றி, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று குறியுங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட அளவு சுமார் ஒரு லீற்றர்.
6. 1,000 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று கணக்கிடுங்கள்.

இந்த அத்தியாயத்தில் கால் லீற்றருக்குக் குறைந்தால் மெதுவான கசிவு. கால் முதல் ஒரு லீற்றர் வரை நடுத்தரக் கசிவு. அதற்கு மேல் வேகமான கசிவு.

கவனிக்க: ஒயில் குறைகிறது, ஆனால் எஞ்சின் வெளியே காய்ந்திருக்கிறது என்றால், எஞ்சின் ஒயிலை எரிக்கிறது. அப்போது எந்தக் காஸ்கெட்டை மாற்றியும் பயனில்லை. நீலப் புகை அதன் அடையாளம். குளிர்காலக் காலைகளில் எல்லாக் கார்களும் விடும் வெள்ளை ஆவியை இதனுடன் குழப்ப வேண்டாம்.

## படி 3: எங்கிருந்து வருகிறது?

ஒயில் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். எனவே சொட்டு விழும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. ஈரம் தெரியும் இடங்களில் மிக மேலேயும் மிக முன்னேயும் உள்ளதைத் தேடுங்கள்.

1. எஞ்சின் முழுதாக ஆறட்டும். கையுறை போடுங்கள். பழைய ஒயில் அடிக்கடி தோலில் படுவது புற்றுநோய் ஆபத்துள்ளது.
2. பழைய அழுக்கைத் துணியாலும் பிறேக் கிளீனராலும் துடைத்தெடுங்கள். தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். ஒல்ரநேற்றரும் மின் இணைப்புகளும் கெடும், ஒயில் வடிகாலுக்குள் போகும்.
3. 20 முதல் 30 கிலோமீற்றர் ஓட்டிவிட்டு வாருங்கள்.
4. இரவு முழுவதும் முன்பகுதிக்கு அடியில் பெரிய காட்போட் மட்டை ஒன்றை வையுங்கள். முன் ரயர்கள் நிற்கும் இடத்தை அதில் கோடிட்டால், காலையில் சொட்டு எந்தப் பக்கம், எவ்வளவு பின்னால் என்று சரியாகத் தெரியும்.
5. டோர்ச்சுடன் மேலிருந்து தொடங்குங்கள்: ஒயில் மூடி, வால்வ் கவரின் ஓரம், ஒயில் ஃபில்ற்றர், ஒயில் பிறஷர் சுவிட்ச். ஒவ்வொன்றையும் கைபேசியில் படமெடுங்கள்.
6. அப்படியும் தெரியாவிட்டால், ஒயிலில் ஒளிரும் சாயம் கலந்து புறஊதா விளக்கில் பார்க்கும்படி கராஜில் கேளுங்கள். ஊகத்தில் பாகம் மாற்றுவதைவிட இது மலிவு.

பாதுகாப்பு: ஜக் மட்டும் தாங்கும் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். ஜக் ஸ்ராண்ட் இரண்டு வையுங்கள். வெயிலில் இளகும் தாரில் ஸ்ராண்ட் புதையும். கீழே தடித்த பலகை போடுங்கள். பனியிலும் ஐஸிலும் காரைத் தூக்கவே வேண்டாம். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள்; கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் கொல்லும். புதைபனியில் நிற்கும் காரின் எக்ஸோஸ்ற் வாயை முதலில் துப்புரவு செய்யுங்கள்.

இந்த ஊருக்கான இரண்டு வசதிகள்: பனி அகற்றும் நாளில் காரை நகர்த்தும்போது, கார் நின்ற இடத்தைத் திரும்பிப் பாருங்கள், வெண்பனியில் கறை தப்பாது. இரண்டாவது, டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம் என்பதால், பெரும்பாலானோரின் கார் வருடத்தில் இரண்டு முறை லிஃப்டில் ஏறும். அப்போது “ஒயில் கசிவும் துருவும் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். கார் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது.

## படி 4: எந்தக் கசிவு, எவ்வளவு வேலை?

ஒயில் கசிவில் விலை உதிரிப்பாகத்தில் இல்லை. அதை எட்டுவதற்கு எவ்வளவு கழற்ற வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

கை எட்டும் கசிவுகள்

- ஒயில் வடிக்கும் போல்ட்டும் அதன் வாஷரும். ஒயில் மாற்றியவுடன் தொடங்கிய கசிவு என்றால் முதலில் இதைப் பாருங்கள்.
- ஒயில் ஃபில்ற்றர். பழைய ஃபில்ற்றரின் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதைப் பூட்டினால் வேகமாக ஒழுகும்.
- பிறஷர் சுவிட்ச், ஒயில் மூடியின் வளையம்.
- பிசிவி வால்வ். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சிறிய வால்வ் இது. அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல்கள் வழியாகவும் ஒயில் பிதுங்கும். கடுங்குளிரில், குறுகிய தூரமே ஓடும் கார்களில், இதன் குழாயில் ஈரம் உறைந்தும் அடைபடும்.

சில மணிநேர வேலைகள்

- வால்வ் கவர் காஸ்கெட். பழைய கார்களில் மிக அதிகமாகக் கசிவது இதுதான். ஒயில் எக்ஸோஸ்ற் மேல் விழுந்தால் கருகிய மணம் காருக்குள் வரும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் எளிது. ஆறு சிலிண்டரில் பின்பக்கக் கவருக்கு இன்டேக் பகுதியையே கழற்ற வேண்டியிருக்கும்.
- ஒயில் ஃபில்ற்றர் ஹவுசிங் காஸ்கெட். ஹொண்டாக்களில் விரெக் சொலனொயிட் காஸ்கெட்.
- ஒயில் பான். காஸ்கெட் மட்டும் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். உப்பில் பானே அரித்து ஊசித்துளை விழுவது இங்கே சாதாரணம். துளை விழுந்த பானுக்குப் பசை பூசுவது நிலைக்காது.

பெரிய வேலைகள்

- ரைமிங் கவர், கேம் சீல், முன் கிராங்க் சீல். ஒயில் ரப்பர் ரைமிங் பெல்ற்றில் பட்டால் பெல்ற் கெடும். பெல்ற் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும்.
- ஹெட் காஸ்கெட்.
- ரியர் மெயின் சீல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்குத்தான் பொருந்தும். சீல் மலிவு, அதை எட்டக் கியர்பொக்ஸையே இறக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு: மேலே வால்வ் கவரில் தொடங்கிய கசிவு எஞ்சினின் பின்புறமாக வழிந்து, கியர்பொக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். அதை ரியர் மெயின் சீல் என்று தீர்ப்பளித்துவிடுவார்கள். மேலே உள்ள மலிவான கசிவுகளையும் பிசிவி வால்வையும் சரிபார்க்காமல் இந்தப் பெரிய வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

## படி 5: துருப் பரிசோதனை

கியூபெக்கில் சாதாரண சொந்தக் கார்களுக்கு வருடாந்தப் பரிசோதனை கிடையாது. அதனால் அடிச்சட்டம் உக்கியது பலருக்குத் தெரியாமலே போகிறது. கார் லிஃப்டில் இருக்கும்போது இவற்றைக் கேட்டு, முடிந்தால் நேரில் பாருங்கள்:

1. முன், பின் சப்ஃபிரேம்கள். சஸ்பென்ஷன் பூட்டும் இடங்கள்.
2. கதவுக்குக் கீழே ஓடும் ரொக்கர் பகுதி.
3. பிறேக் குழாய்களும் பெற்றோல் குழாய்களும்.
4. ஒயில் பானும் கியர்பொக்ஸ் பானும்.

மேற்பரப்பில் செந்நிறத் துரு இருந்தால் பயமில்லை. தட்டினால் உதிர்கிறது, குத்தினால் துளை விழுகிறது என்றால் அந்தக் காரின் காலம் முடிகிறது. “இந்தக் கார் இன்னும் எத்தனை குளிர்காலம் பாதுகாப்பாக ஓடும்?” என்று மெக்கானிக்கிடம் நேராகக் கேளுங்கள்.

## படி 6: கணக்குப் போட்டு முடிவெடுங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு. வேலைக்கூலி மணிக்கு 120 டொலர், ரியர் மெயின் சீல் வேலை 8 மணி, பாகம் 40 டொலர் என்று வைப்போம். மொத்தம் 1,000 டொலர். கியூபெக்கில் 5 சதவீத மத்திய வரியும் 9.975 சதவீத மாகாண வரியும் சேர்ந்து 14.975 சதவீதம். கையிலிருந்து போவது 1,149.75 டொலர்.

அதே கார் 2,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிக்கிறது. வருடம் 15,000 கிலோமீற்றர் ஓடுகிறது. வருடத்துக்கு ஏழரை லீற்றர். ஐந்து லீற்றர் கலன் 35 டொலர் என்றால் 52.50 டொலர், வரியுடன் சுமார் 60. இன்னும் இரண்டு குளிர்காலமே தாங்கும் காருக்கு எது சரி என்பது எண்ணிலேயே தெரிகிறது. உங்கள் கராஜின் எண்களை வைத்து இதே கணக்கைப் போடுங்கள்.

ஆனால் பணக்கணக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்காது. நான்கு தீர்ப்புகள்:

அ. உடனே திருத்துங்கள். ஒயில் எக்ஸோஸ்ற், ரைமிங் பெல்ற் அல்லது ஒல்ரநேற்றர் மேல் விழுகிறது. அல்லது கசிவு வேகமானது. எவ்வளவு மெதுவாகச் சொட்டினாலும் எக்ஸோஸ்ற்றில் விழும் ஒயில் தீ ஆபத்து. திருத்த வசதியில்லை என்றால் அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

ஆ. திட்டமிட்டுத் திருத்துங்கள். நடுத்தரக் கசிவு, நல்ல அடிச்சட்டம், சில மணிநேர வேலை. நவம்பரில் போகாதீர்கள், ரயர் மாற்றும் கூட்டத்தில் கராஜ்களில் நெருக்கடி. கோடை முடிவில் அல்லது ஜனவரியில் போங்கள். கூட்டாகச் செய்யக்கூடியதைச் சேர்த்துவிடுங்கள்: ரைமிங் பெல்ற் மாற்றும்போது முன் சீல்கள், கிளச் மாற்றும்போது ரியர் மெயின் சீல். கழற்றும் கூலி ஒரு முறைதான்.

இ. ஊற்றி ஓட்டுங்கள். மெதுவான அல்லது நடுத்தரக் கசிவு, ஆபத்தான இடத்தில் விழவில்லை, வேலை பெரியது, காரின் ஆயுள் குறைவு.

ஈ. காரை விடுங்கள். பெரிய கசிவும் உக்கிய அடிச்சட்டமும் சேர்ந்தால் ஒரு டொலரும் செலவழிக்க வேண்டாம்.

## நீங்களே செய்யக்கூடியது: வால்வ் கவர் காஸ்கெட்

நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு மட்டும். மொன்றியலில் வீதியில் காரைத் திருத்துவதற்குத் தடை இருக்கலாம். வாடகை வீட்டின் தரிப்பிடத்துக்கும் விதி இருக்கலாம். நகரசபையின் 311 எண்ணிலும் வீட்டுக்காரரிடமும் முதலில் கேளுங்கள்.

1. எஞ்சின் குளிர்ந்த பின் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள்.
2. எல்லா இணைப்புகளையும் கழற்றும் முன் படமெடுங்கள்.
3. இக்னிஷன் கொயில்களையும் பிசிவி குழாயையும் அகற்றுங்கள். பிளக் குழிகளில் ஒயில் தேங்கியிருந்தால், பிளக்கைத் தொடும் முன் அதை ஒற்றியெடுங்கள்.
4. கவர் போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்ளாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள்.
5. திறந்த எஞ்சினுக்குள் எதுவும் விழாதபடி சுத்தமான துணியால் மூடுங்கள்.
6. இரண்டு பரப்புகளையும் பிளாஸ்ரிக் சுரண்டியால் துப்புரவாக்குங்கள். இரும்புச் சுரண்டி அலுமினியத்தைக் கீறும், கீறல் கசியும்.
7. புதிய காஸ்கெட்டையும் பிளக் குழி வளையங்களையும் பொருத்துங்கள். ரைமிங் கவர் சேரும் மூலைகளில் மட்டும் சிலிக்கன் பசை ஒரு புள்ளி வையுங்கள்.
8. துணியை எடுத்துவிட்டு, கவரை வைத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கைநூலில் குறித்த அளவுக்கு ரோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். பல கார்களில் அது 10 நியூற்றன் மீற்றர் அளவுதான். மேலதிகமாக இறுக்கினால் போல்ட் உடையும் அல்லது கவர் வளையும்.
9. பசைக் குழாயில் எழுதிய நேரம்வரை காய விடுங்கள். குளிரில் பசை மெதுவாகவே காயும். இந்த வேலையைக் கோடையில் வையுங்கள்.
10. பிசிவி வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பிறகு படங்களைப் பார்த்துக் கழற்றியவற்றைப் பூட்டி, கடைசியாகப் பற்றரி வயரை இணையுங்கள்.

## கராஜில்: உங்கள் உரிமைகள், உங்கள் கேள்விகள்

1978 ஆம் ஆண்டின் கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கார் திருத்தத்துக்குத் தனி விதிகள் வைத்திருக்கிறது.

- சிறிய வேலைகள் தவிர, திருத்தும் முன் எழுத்தில் விலை மதிப்பீடு தர வேண்டும். அது வேண்டாம் என்றால் நீங்களே கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். பிரெஞ்சில் “எவலுவாசியோன் எக்ரித்” என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.
- மதிப்பீட்டுக்குக் கட்டணம் வாங்குவதாக இருந்தால், தொகையை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.
- உங்கள் சம்மதமின்றி மதிப்பீட்டுக்கு மேல் வாங்க முடியாது.
- வேலை கொடுக்கும்போதே கேட்டால், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்.
- திருத்திய வேலைக்கு 3 மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு.

இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்:

1. கசியும் இடத்தை எனக்கு நேரில் காட்டுவீர்களா?
2. துடைத்து, சாயம் போட்டுப் பார்த்தீர்களா, அல்லது ஊகமா?
3. பிசிவி வால்வ் வேலை செய்கிறதா?
4. எத்தனை மணி வேலை? தொகையில் வரி சேர்ந்ததா?
5. அடிச்சட்டம் எப்படி?

ஐந்நூறு டொலருக்கு மேற்பட்ட வேலைக்கு இரண்டாவது கராஜிலும் கேளுங்கள். வாகன ஓட்டிகள் சங்கமான சிஏஏ-கியூபெக் பரிந்துரைக்கும் கராஜ்களின் பட்டியல் இதற்கு உதவும். தகராறு வந்தால் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தை நாடுங்கள். 15,000 டொலர் வரையான கோரிக்கைகளுக்குச் சிறு உரிமைகோரல் நீதிமன்றம் இருக்கிறது.

## ஊற்றி ஓட்டுபவர்களுக்கு ஆறு விதிகள்

1. பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு இரண்டாவது முறையும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். நீண்ட பயணத்துக்கு முன் கட்டாயம் பாருங்கள்.
2. கைநூல் சொல்லும் தடிப்பிலேயே ஒயில் வாங்குங்கள். “தடிப்பான ஒயில் ஊற்று, கசியாது” என்பது யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஒருவேளை சரி. இங்கே மைனஸ் 25 இல் 20டபிள்யூ-50 ஒயில் கூழாகிவிடும். ஸ்ராட் செய்த முதல் நொடிகளில் எஞ்சினின் மேற்பகுதிக்கு ஒயில் ஏறாது.
3. அதே தடிப்பில் ‘ஹை மைலேஜ்’ ஒயில் கிடைத்தால் பயன்படுத்துங்கள். அதில் ரப்பர் சீல்களை மென்மையாக்கும் பொருள்கள் உண்டு. மெதுவான கசிவைக் குறைக்கலாம். கிழிந்த காஸ்கெட்டைத் தைக்காது.
4. மேல் குறிக்கு மேல் ஊற்றாதீர்கள். அதிக ஒயில் நுரைத்து, அழுத்தம் கூட்டி, கசிவையே பெருக்கும்.
5. ஊற்றிக்கொண்டே இருக்கிறோம் என்று ஒயில் மாற்றுவதைத் தவிர்க்காதீர்கள். அழுக்கு உள்ளேயே தங்கும்.
6. தரிப்பிடத்தில் தட்டு வையுங்கள். சிந்தியதன் மேல் பூனை மணலைக் கொட்டி மிதித்து, உறிஞ்சியதும் கூட்டி அள்ளுங்கள். வடிகாலில் கழுவிவிட வேண்டாம்.

பழைய ஒயிலையும் ஃபில்ற்றரையும் மூடிய கலனில் கழிவுகளை ஏற்கும் நகர எக்கோசென்டருக்குக் கொண்டுபோங்கள். கோட் டெ நேஜ், சென் லோரன், லசால் ஆகிய இடங்களில் எக்கோசென்டர்கள் உண்டு. முகவரிச் சான்று கையில் இருக்கட்டும். வேலை நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும். 311 இல் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

## விற்கும்போது

கசிவைத் துடைத்து மறைத்து விற்காதீர்கள். கியூபெக் சிவில் சட்டத்தின் தர உத்தரவாதம், தனியாள் விற்கும் காருக்கும் பொருந்தும். தெரிந்த குறையைச் சொல்லாமல் “உத்தரவாதமின்றி விற்கிறேன்” என்று எழுதினாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. எனவே:

1. விற்பனைத் தாளில் “ரியர் மெயின் சீலில் ஒயில் கசிகிறது, வாங்குபவருக்குச் சொல்லப்பட்டது” என்பதுபோல் தெளிவாக எழுதுங்கள்.
2. இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வையுங்கள்.
3. கராஜ் மதிப்பீடு இருந்தால் அதன் பிரதியையும் கொடுங்கள். விலை பேசும்போது அதுவே நியாயமான அளவுகோல்.
4. உடைப்பதற்குக் கொடுத்தால், வாகனப் பதிவு அலுவலகமான எஸ்ஏஏகியூவில் அந்தக் கார் ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டதைப் பதிவு செய்யுங்கள். பதிவு உங்கள் பெயரில் கிடக்கக் கூடாது.

முடிவாக ஒன்று. ஆபத்தான இடத்தில் விழும் கசிவையும் வேகமான கசிவையும் காசு பார்க்காமல் திருத்துங்கள், அல்லது காரை நிறுத்துங்கள். மற்றக் கசிவுகளில் அவசரம் வேண்டாம்: ஒரு மாதம் அளந்து எழுதுங்கள், கசியும் இடத்தைக் கண்ணால் காணுங்கள், அடிச்சட்டத்தைப் பாருங்கள், எழுத்தில் விலை வாங்குங்கள். இந்த நான்கும் கையில் இல்லாமல் எந்தப் பெரிய வேலைக்கும் கையெழுத்திடாதீர்கள்.